எவன் ஒட்டினான்

பெய்ஸ்லியில் காலையிலிருந்து மழை.
மூன்றாம் மாடி, படுக்கை அறை, வடக்குச் சுவர்.
அறைக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு
நீராவிப் பெட்டிக்கு அடுக்களையிலிருந்து வயர் இழுத்தேன்.

தட்டைச் சுவரில் வைத்து எண்ணினால்
இருபதுக்குள் இளகிவிடும் எந்தக் காகிதமும்.
இது அறுபது எண்ணியும் அசையவில்லை.
சுரண்டினால் நகம் அளவு வருகிறது.
இழுத்தால் சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது,
பிரிய மனமில்லாத உறவு போல
என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
முன்பசை பூசாமல் ஒட்டியிருக்கிறான்,
அவ்வளவுதான் விஷயம்.

புதுச் சுவர் தாகத்தில் இருக்கும்.
நீர்த்த பசையை முதலில் ஒரு பூச்சுக் கொடுத்து
தாகம் தணித்து
காயவிட்டு
அப்புறம்தான் காகிதத்தைக் காட்ட வேண்டும்.
கொடுக்காவிட்டால்
காகிதத்தின் பசையையே உறிஞ்சிக் குடித்துவிட்டு
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்,
வருஷக்கணக்காக.

எவன் ஒட்டினான் இதை?
ஒன்பது மணிக்கு மடையன் என்றேன்.
பத்தரைக்கு, அவன் கை விளங்காமல் போக.
ஏணி உச்சியில்
முழங்கை வழியாக அக்குள் வரை
வெந்நீர் வழிந்தபோது சொன்னதை
இங்கே எழுத முடியாது.

வீட்டுக்காரி எஸ்மி டீ கொண்டுவந்தாள்.
ஏழு மாதம். வயிற்றின்மேல் தட்டைத் தாங்கியபடி
தொட்டிலுக்கு இடம் அளந்தாள் கண்ணால்.
வெறும் வெள்ளை போதும், யூனா,
இந்த மாங்காய்ப் புட்டாவைப் பார்த்தாலே
தலை சுற்றுகிறது.
இந்த ஊர்ப் பெயர் கொண்ட புட்டா அது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம், ஜன்னலுக்கு இடப்பக்கம்
இடுப்புயரத்தில் ஒரு துண்டு
தோசை மாதிரி முழுசாகக் கழன்றது.
பின்னால் சுவர் கன்றியிருந்தது.
ஊதா.
ஈரம் பட்டால் நிறம் எடுக்கும் பழைய பென்சில்
நீராவியில் விழித்துக்கொண்டிருந்தது,
கோடு கோடாக,
பிறகு எழுத்தாக.

யூனா, டூகல்.
1996 பிப்ரவரி 17, சனி.
வெளியே மழை.

ஏணியிலிருந்து இறங்கி
தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.

எனக்கு இருபத்து நான்கு.
டூகல்தான் சொன்னான்,
முன்பசை பூசிவிட்டு திங்கட்கிழமை வருவோம் என்று.
ஒட்டுடா, உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்,
என்றவள் நான்.
பத்தடித் தாளின் மேல்முனை அவன் கையில்,
கீழ்முனை என் கையில்,
நடுவில் தாள் நடுங்கிக்கொண்டிருந்தது.
நிறுத்த மனம் வரவில்லை.
திங்கட்கிழமை அவன் அபர்டீன் போய்விட்டான்.
கடலுக்குள் எண்ணெய்க் கிணறு, இரண்டு மடங்கு கூலி.
கிறிஸ்துமஸ் அட்டை இரண்டு வந்தது.
மூன்றாவது வரவில்லை.

காலையிலிருந்து திட்டியதை
ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?
கை விளங்காமல் போக என்றதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
எனக்கு இன்னும் மூன்று சுவர் பாக்கி.

எஸ்மி எட்டிப் பார்த்தபோது
எழுத்தின்மேல் என் ஈரத்துணி தொங்கியது.
கண்டுபிடித்தாயா, யார் ஒட்டினார்கள்?
யாரோ ஒரு அவசரக்காரி, என்றேன்.
காரியா?
அவள் புருவம் உயர்ந்தது.
நான் சுரண்டியைத் துடைத்தேன்.

மறுநாள் பள்ளங்களை நிரப்பினேன்,
உப்புத்தாள் போட்டேன்,
தூசியைத் துடைத்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
சுவர் மழமழவென்று, எதுவும் தெரியாதது போல.
ஆனால் அந்த ஊதா வெள்ளையை மதிக்காது.
எத்தனை பூச்சு அடித்தாலும்
ஒரு மாதத்தில் மேலே வந்து நிற்கும்.
அதற்கு அரக்குதான்.
டப்பாவைத் திறந்ததும் கண் எரிந்தது,
அரக்குக்கு எல்லார் கண்ணும் எரியும்.
ஒரு பூச்சு.
முக்கால் மணி நேரம்.
'ல்' மட்டும் இன்னும் லேசாகத் தெரிந்தது.
இன்னொரு பூச்சு.

பில்லில் நான்கு மணி நேரத்தைக் குறைத்தேன்.
எஸ்மி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு
ஏதோ தவறு என்றாள்.
ஆமாம் என்றேன்.